படிக்கக் கேட்டேன், சரி

பணியில் உயிர்நீத்த காவலர்களைப் பற்றி ஒரு மலர் கொண்டுவருகிறோம், நீங்கள் ரைட்டராக இருந்தவர், நன்றாக எழுதுவீர்கள், ஒரு கட்டுரை கொடுங்கள் என்று ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது ஒரு பெயரைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. அந்தப் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. அது இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

ஆகவே இதை மலருக்காக எழுதவில்லை. இப்போது ஸ்டேஷன்களில் ரைட்டராக உட்கார்ந்திருக்கும் இளையவர்களுக்காக எழுதுகிறேன்.

1. மூன்று வரி இடம்

தர்மபுரி மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில் பதினோரு வருடம் ரைட்டராக இருந்தேன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். இப்போது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் வரலாற்றில் எம்.ஏ. படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவன். கையெழுத்து நன்றாக இருக்கும். தமிழும் பிழையில்லாமல் வரும். அதனால் சீக்கிரமே மேஜைக்கு வந்துவிட்டேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஸ்டேஷன் என்றால் இன்ஸ்பெக்டர்தான். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், ஸ்டேஷன் என்பது ஜி.டி. என்கிற பொது நாட்குறிப்பு. யார் எத்தனை மணிக்கு எங்கே போனார், எப்போது திரும்பினார் என்று அதில் இருக்க வேண்டும். அதில் எழுதப்பட்டது நடந்தது. எழுதப்படாதது நடக்கவில்லை. அந்த நோட்டை எழுதுகிறவன் ரைட்டர்.

ஒரு காவலரை வெளி டியூட்டிக்கு அனுப்பும்போது அவர் கையில் ஒரு சீட்டு கொடுத்தனுப்புவோம். எங்கள் இலாகாவில் அதற்குப் பெயர் பாஸ்போர்ட். இன்ன வேலையாக, இன்ன இடத்துக்கு, இன்ன நேரத்தில் அனுப்பப்பட்டார் என்று அதில் இருக்கும். அவசரத்தில் ஆளை வாய்மொழியாக அனுப்பிவிட்டு, திரும்பி வந்த பிறகு பாஸ்போர்ட் போட்டுக்கொள்வதும் உண்டு. அதற்காக ஜி.டி.யில் மூன்று வரி இடம் விட்டு வைப்போம். விடக் கூடாது என்பது விதி. எல்லோரும் விடுவோம்.

மாதையன் எங்கள் ஸ்டேஷனில் முதல்நிலைக் காவலர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அப்போது எப்படி அழைத்தேனோ அப்படியே அவன் என்று எழுதுகிறேன். ஒல்லியான ஆள், பேச்சு ஜாஸ்தி. நான் எழுதும்போது பின்னால் வந்து நின்று படிப்பான்.

"ரைட்டரய்யா, நீங்க எழுதற எஃப்.ஐ.ஆரப் படிச்சா திருடனுக்கே அழுவ வந்துருமுங்க. 'கண்ணீர் மல்கக் கூறினார்'னு போட்டிருக்கறீங்க. அந்தாளு பீடி குடிச்சுக்கிட்டே இல்ல சொன்னாரு?"

"போடா வேலையப் பாத்துக்கிட்டு."

"நான் செத்தா நீங்கதான் எழுதோணும். நல்லா நாலு வரி சேத்திப் போடுங்க."

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

2. கலர் சட்டை

அன்று முக்கியப் பிரமுகர் ஒருவர் ஒகேனக்கல் போகிறார் என்று ஆட்களையெல்லாம் பந்தோபஸ்துக்கு அனுப்பியிருந்தோம். ஸ்டேஷனில் நானும் வாசலில் காவல் நிற்கும் பாரா காவலரும் மட்டும். காலை பத்தரை மணிக்கு தொப்பூர் கணவாயில் வெங்காய லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டது. ரோடெல்லாம் மூட்டை. ஜனங்கள் வெங்காயம் பொறுக்க இறங்கிவிட்டார்கள், பெண்கள் குழந்தைகள் உட்பட. வளைவுக்கு மேலிருந்து வருகிற வண்டிக்கு அந்தக் கூட்டம் கண்ணில் படாது.

இன்ஸ்பெக்டரைப் போனில் பிடித்தேன். "நான் இங்க நகர முடியாதுய்யா. யாரையாவது உடனே அனுப்பு" என்றார்.

மாதையனுக்கு அன்று ரெஸ்ட். வாராந்திர ஓய்வு. ஜி.டி.யில் காலையிலேயே அப்படி எழுதியிருந்தேன். அவன் ஊர் கணவாயிலிருந்து பத்து நிமிடம். போன் செய்தேன். அவன் மனைவி கோவிந்தம்மாள் எடுத்தார்.

"கடலக்காட்டுல இருக்கறாருங்க ரைட்டரய்யா. இப்பத்தான் சோத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். இருங்க, குடுக்கறேன்."

மாதையன் வந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"யூனிஃபார்ம் தொவச்சுக் காயப் போட்டிருக்குதுங்கய்யா. ஈரமா இருக்குது. ஸ்டேஷனுக்கு வந்து வேற மாட்டிக்கிட்டு, வெளிச்சத்துல மின்னற ஜாக்கெட்டும் எடுத்துக்கிட்டுப் போயர்ட்டுங்களா?"

இதற்கு நான் சொன்ன பதில் இது: "அதெல்லாம் நேரம் ஆவும். இருக்கற சட்டையோட நேரா போ. பாஸ்போர்ட் வந்து போட்டுக்கலாம்."

"சரிங்கய்யா."

நான் ஜி.டி.யில் மூன்று வரி இடம் விட்டேன்.

அவன் வளைவுக்கு மேலே போய் நின்று, தோளில் இருந்த துண்டை வீசி வண்டிகளை நிறுத்தியிருக்கிறான். நாலைந்து லாரி நின்றன. அடுத்து வந்தது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி வந்த வண்டி. நின்ற வண்டிகளைத் தாண்டிக்கொண்டு வந்து அவனை அடித்து, பாறையில் மோதி நின்றது. பாறையில் மோதியதால் கீழே வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த டிரைவரின் வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"யாரோ ஒருத்தர் துண்டு வீசுனாருங்க. லிஃப்ட் கேக்கறாருன்னு நெனச்சேன். போலீஸ்னு தெரிஞ்சிருந்தா தூரத்துலயே கியர் போட்டிருப்பேனுங்க சார். சத்தியமா போலீஸ்னு தெரியலீங்க."

அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. இன்று வரை எனக்கு அது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

3. ரெஸ்ட்

சாயந்தரம் இன்ஸ்பெக்டர் வந்தார். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஜி.டி.யைத் திருப்பினார்.

"ரெஸ்ட்ல இருந்தவன். கலர் சட்ட. பாஸ்போர்ட் இல்ல. ஜாக்கெட் இல்ல. யார் அனுப்புனாங்கன்னு கேட்டா நீ என்ன சொல்லுவ?"

"நான்தானுங்கய்யா போன் பண்ணேன்."

"எதுக்கு யூனிஃபார்ம் இல்லாம அனுப்புனேன்னு கேப்பாங்க. சார்ஜ் மெமோ முதல்ல உனக்கு, அப்பறம் எனக்கு. ஜி.டி.ல இப்ப என்ன இருக்குது?"

"ரெஸ்ட்னு இருக்குதுங்க."

"அப்ப ரெஸ்ட்தான்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்விட்டார். அவர் மேல் பழி போட்டு நான் தப்பிக்க விரும்பவில்லை. அவர் என் கையைப் பிடித்து எழுதவில்லை. எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்த சமயம் அது. ஒரு மெமோ வந்தால் பெயர் கழன்றுவிடும். அந்த யோசனை எனக்குள்ளே ஏற்கனவே வந்திருந்தது. அவர் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

விட்டு வைத்திருந்த மூன்று வரியில், ஆடு காணவில்லை என்று மதியம் வந்த ஒரு மனுவை எழுதினேன். நேரத்தைப் பத்து நாற்பது என்று போட்டேன். மாதையன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளாடு இருக்கிறது.

அடுத்து விசாரணைக்கு அவன் மனைவியின் வாக்குமூலம் வேண்டும். மறுநாள், காரியம் எல்லாம் முடிவதற்கு முன்பே, அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோவிந்தம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

"நீங்க போன் பண்ணீங்க. தட்டுல சோறு போட்டு வெச்சிருந்தேன். வந்து தின்னுக்கறேன்னு போனாருங்க" என்றார். நான் தலையாட்டிக்கொண்டே எழுதினேன். நான் எழுதியது: 'என் கணவர் ஓய்வில் இருந்தவர். சொந்த வேலையாக வெளியே சென்றிருந்தபோது விபத்தில் இறந்தார்.'

வாக்குமூலத்தின் கடைசியில் ஒரு வரி போடுவோம். 'படிக்கக் கேட்டேன், சரி.' எழுதியதைப் படித்துக் காட்டி, அவர் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். கை தானாக எழுதிவிடும் வரி அது. அன்றும் எழுதியது. நான் படித்துக் காட்டவில்லை. பேனாவை நீட்டினேன்.

"இங்க போடும்மா."

கோவிந்தம்மாள் ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். என் முகத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

4. கை காட்டியவன்

டியூட்டியில் இறந்த காவலருக்குத் துப்பாக்கி முழங்க மரியாதை உண்டு. மாதையனுக்கு இல்லை. நாங்கள் மாலை வாங்கிக்கொண்டு போய் ஓரமாக நின்றோம். ஓய்வில் இறந்த அரசு ஊழியரின் குடும்பத்துக்கு வர வேண்டியது எல்லாம் முறையாக வந்தது. அதில் நான் தாமதம் செய்யவில்லை. தாமதமில்லாமல் செய்ததை என் நல்லதனம் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வராதது வேறு. இரண்டு மாதம் கழித்து கோவிந்தம்மாள் ஸ்டேஷனுக்கு வந்தார்.

"ஊருக்குள்ள ஒரு மாதிரி பேசறாங்க ரைட்டரய்யா. ரெஸ்ட் நாள்ல, கலர் சட்டையில, எதுக்குக் கணவாயில நின்னு லாரிய நிறுத்துனான்னு கேக்கறாங்க. லாரிக்காரங்க கிட்ட கை நீட்டத்தான் போனானாம்."

கை காட்டி நிறுத்தியவனை, கை நீட்டியவன் என்று ஊர் சொல்கிறது. ரெஸ்ட் என்று நான் எழுதிய ஒரு வார்த்தைக்கு ஊர் எழுதிய மிச்சக் கதை அது. என் எழுத்தை வைத்துப் பார்த்தால் வேறு கதை எழுதவும் முடியாது.

"நீங்கதானுங்களே கூப்பிட்டீங்க. டூட்டிக்குத்தான் போனாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் காட்டிக்கறேன்."

"மேல எழுதியிருக்குதும்மா. பாக்கலாம்" என்றேன். மேலதிகாரிகளுக்கு நான் எதுவும் எழுதவில்லை.

5. அக்டோபர் இருபத்தொன்று

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் இருபத்தொன்று காவலர் வீரவணக்க நாள். அந்த ஓராண்டில் நாடு முழுவதும் பணியில் இறந்த காவலர்களின் பெயர்களை ஆயுதப்படை மைதானத்தில் நினைவுத்தூணுக்கு முன்னால் வாசிப்பார்கள். அதிகாரி ஒருவர்தான் வாசிக்க வேண்டும். வடநாட்டுப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையாமல் திணறுவதைப் பார்த்து, அந்த ஆண்டுகளில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். முந்தின நாளே பட்டியலை வாங்கி உரக்கப் படித்துப் பழகுவேன். ஒருவருடைய பெயரைத் தப்பாக உச்சரிப்பது அவரை இன்னொரு முறை அவமதிப்பது என்று ஜூனியர்களிடம் பேசுவேன். அதையும் நான்தான் பேசினேன்.

அந்த வருடமும் மைக் முன்னால் நின்றேன். பொதுமக்கள் நிற்கும் பக்கத்தில் கோவிந்தம்மாள் இருந்தார். இடுப்பில் குழந்தை. பக்கத்தில் அவர் ஊர் ஆண்கள் நாலு பேர். பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறார். மைக்கில் போலீஸே பெயரைச் சொல்வதை அவர்கள் காதால் கேட்க வேண்டும் என்று.

வாசிக்கத் தொடங்கினேன். மாநிலம் மாநிலமாக. ஒவ்வொரு பெயருக்கும் கோவிந்தம்மாள் குழந்தையை ஒருமுறை தூக்கிச் சரிசெய்துகொண்டார், அடுத்தது இதுதான் என்பதுபோல. தமிழ்நாடு வந்தது. அவர் முந்தானையை இழுத்துச் செருகி நிமிர்ந்து நின்றார். தமிழ்நாட்டுப் பெயர்களைப் படித்தேன். அடுத்த மாநிலத்துக்குப் போனேன். என் குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நன்றாக வாசித்ததாக அன்று ஒரு அதிகாரி என்னைப் பாராட்டினார்.

முடிந்ததும் கோவிந்தம்மாள் என்னிடம் வந்தார்.

"எங்க வூட்டுக்காரர் பேரு வந்துச்சுங்களா? பாப்பா சிணுங்குனா. நான் சரியாக் காதுல வாங்கலியோ என்னமோ."

உண்மையாகவே கேட்டார். நான் விட்டிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"இல்லம்மா. பட்டியல் சென்னையில இருந்து வருது."

பின்னால் நின்ற ஊர்க்காரர் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: "சரி வாம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அதன் பிறகு கோவிந்தம்மாள் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார். அங்கே அவருடைய வாக்குமூலத்தையே எடுத்துக் காட்டி, நீதானே கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று நேராக ஸ்டேஷனுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அன்னிக்கி அதுல என்னங்க எழுதியிருந்தீங்க?"

நான் ஜி.டி.யைத் திறந்து எழுதத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார். பிறகு வரவே இல்லை.

6. பால் சொசைட்டி

எனக்குப் பதவி உயர்வு வந்தது. சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். அந்த இன்ஸ்பெக்டர் காலமாகிவிட்டார். மெமோ கொடுக்க இனி யாரும் இல்லை என்றான பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இதற்குத் தைரியம் என்று பெயர் வைப்பதும் சரியில்லை.

இந்த வருடம் மலருக்குக் கட்டுரை கேட்டார்கள் அல்லவா, அதற்குப் பதிலாக ஒரு வாக்குமூலம் எழுதினேன். போன் செய்தது, யூனிஃபார்ம் வேண்டாம் என்றது, மூன்று வரி, வெள்ளாடு, படித்துக் காட்டாத வாக்குமூலம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டு எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். ஒரு நகலை எடுத்துக்கொண்டு மாதையன் ஊருக்குப் போனேன்.

கோவிந்தம்மாள் வாசலில் சாக்கை விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாளாம். என்னைப் பார்த்ததும் கட்டையைக் கீழே வைத்தார்.

"வாங்க ரைட்டரய்யா."

வேறு யாராவது இருந்தால் திட்டியிருப்பார்கள். அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். வந்த விஷயத்தைச் சொல்லிக் காகிதத்தை எடுத்தேன். முதல் இரண்டு வரி படிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க. போன எடுத்ததே நானுங்களே. எனக்கு எதுக்குப் படிக்கறீங்க?"

காகிதத்தை மடித்தேன்.

"நாலு மணிக்கு சொசைட்டில பால் ஊத்த எல்லாரும் வருவாங்க. அங்க வந்து படிங்க."

போனோம். கேன்களோடு இருபது பேர் இருப்பார்கள். கோவிந்தம்மாள் பால் அளக்கிறவரிடம் போய், "கொஞ்சம் நிறுத்துங்க. போலீஸ்காரர் ஒன்னு படிக்கோணுமாம்" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். மைதானத்துக்கு அன்று வந்த நாலு பேரில் ஒருவர்தான் இப்போது உயிரோடு இருக்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றவர். அவரும் சொம்போடு நின்றுகொண்டிருந்தார்.

படித்தேன். மைக் முன்னால் தடுமாறாத குரல் இங்கே இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. நின்றபோதெல்லாம் கோவிந்தம்மாள், "ம், படிங்க" என்றார். 'முதல்நிலைக் காவலர் மாதையன், என் அழைப்பின் பேரில், போக்குவரத்தை நிறுத்தும் பணிக்காகச் சென்று, அந்தப் பணியைச் செய்துகொண்டிருக்கும்போதே இறந்தார்' என்ற இடம் வந்ததும், "அத மறுக்கா படிங்க" என்றார். படித்தேன்.

சொம்பு வைத்திருந்த பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "மாதையன் அந்த மாதிரி ஆளில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்பவே தெரியுமாக்கும்" என்றார் கோவிந்தம்மாள். "தெரிஞ்சும்தான் எம் மக கல்யாணத்துல மாப்பிள வூட்டுக்காரங்க கிட்ட அப்பிடிச் சொன்னீங்களா?"

அவர் பால் கேனைப் பார்த்தார்.

கோவிந்தம்மாள் காகிதத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்தார். பழக்க தோஷம், அடியில் அந்த வரியை நான் எழுதியிருந்தேன். அவர் பெயரைப் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டு, 'படிக்கக் கேட்டேன், சரி.' எழுதியதே எனக்கு நினைவில்லை.

அதன் மேல் விரலை வைத்தார். விரலில் புளி ஒட்டியிருந்தது.

"இத அடிச்சுருங்க."

"ஏம்மா?"

"கேட்டேன். சரின்னு நான் இன்னும் சொல்லலீங்களே. உங்க போலீஸ்ல அவரு பேர மைக்குல படிக்கட்டும். அன்னிக்கி சொல்றனா இல்லியான்னு பாக்கலாம்."

பால் மேஜையில் வைத்து அந்த வரியை அடித்தேன். அடித்தல் திருத்தல் செய்தால் ரைட்டர் பக்கத்தில் சிறுகையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.

எஸ்.பி. அலுவலகத்திலிருந்து இதுவரை பதில் வரவில்லை. மாதம் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஜி.டி.யில் இடம் விடாதீர்கள். ஆளை அனுப்பினால் அனுப்பியதை அப்போதே எழுதுங்கள், சட்டை மாட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். யாருடைய வாக்குமூலத்தை எழுதினாலும் முழுதாகப் படித்துக் காட்டுங்கள். காட்டிவிட்டுக் காத்திருங்கள். சரி என்பதை அவர்கள் வாயால் சொல்லட்டும். அதற்கு முன் அந்த வரியை எழுதாதீர்கள்.